திரை இல்லாமல் வீட்டில் விளையாட்டு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறு பிள்ளைகளோடு வேலை பார்ப்பவர்களிடம் பெற்றோர் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாயால் திரும்பத் திரும்பச் சொன்னதை ஓரிடத்தில் எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். பிறந்தது முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்னது பின்னாலும் பொருந்தினால், அந்த எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. திரை என்றால் எதெல்லாம் கணக்கு? தூரத்தில் இருக்கும் தாத்தாவோடு வீடியோவில் பேசுவதும் சேர்த்தியா?

டிவி, போன், டேப்லெட், கணினி எல்லாம் கணக்குதான். ‘கல்வி’ என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வரும் செயலிகளுக்கும் விலக்கு இல்லை. 2 வயது நிறையும் வரை உட்கார்ந்து திரை பார்ப்பதே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்கிறது.

தாத்தாவோடு பேசுவது வேறு. 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டாம் என்று 2016-இல் சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் வீடியோ உரையாடலுக்கு மட்டும் விலக்கு அளித்தது. குழந்தை சிரித்தால் தாத்தா திரும்பச் சிரிக்கிறார், கையை நீட்டினால் அவரும் நீட்டுகிறார். கார்ட்டூன் எதற்கும் பதில் சொல்லாது.

2. எந்த வயதில் என்ன கொடுப்பது? ஏதாவது பட்டியல் இருந்தால் சொல்லுங்களேன்.

முதல் 6 மாதம் உங்கள் முகமும் குரலும்தான் விளையாட்டுச் சாமான். விழித்திருக்கும்போது தரையில் விரிப்புப் போட்டு, நீங்கள் பக்கத்தில் இருந்தபடி, குப்புறப் படுக்க விடுங்கள். நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரை மணி நேரமாவது இப்படி இருப்பது நல்லது. அதன் பிறகு 1 வயது வரை, மறைந்து தோன்றுவதெல்லாம் வேடிக்கை. பந்தைத் துணியால் மூடுங்கள். 5 மாதக் குழந்தை அதை மறந்துவிட்டு வேறு பக்கம் பார்க்கும். 8, 9 மாதம் ஆகும்போது துணியை இழுத்துத் தேடத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கோ இருக்கிறது என்ற புரிதல் வரும் காலம் அது.

1 முதல் 2 வயது வரை நிரப்புவதும் கொட்டுவதும்தான் முழுநேர வேலை. கூடை, டப்பா, உள்ளே போட நாலு பொருள் இருந்தால் போதும். 2 வயதுக்கு மேல் பெரியவர்கள் செய்வதைச் செய்து பார்க்கும் ஆசை வரும்: துடைப்பது, கலக்குவது, பொம்மையைத் தூங்க வைப்பது. 3 வயதில் கற்பனை கொடிகட்டிப் பறக்கும். நாற்காலி பஸ்ஸாகிவிடும், நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். 4 வயதுக்கு மேல் விதிமுறை உள்ள விளையாட்டுகள் மெல்லப் பிடிபடும். தோற்றால் அழுவது இன்னும் சில ஆண்டுகளுக்கு நீடிக்கும். இவையெல்லாம் தோராயமான வயதுகள்தான். மூன்று மாதம் முன்னே பின்னே இருந்தால் பதறத் தேவையில்லை.

3. நிறைய விளையாட்டுச் சாமான்கள் வாங்க வேண்டியிருக்குமா?

இருப்பதில் பாதியை எடுத்துப் பரணில் போடுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்கு ஒருமுறை 4 பொம்மைகளும் இன்னொரு முறை 16 பொம்மைகளும் கொடுத்துக் கவனித்தார்கள். 4 மட்டும் இருந்தபோது பிள்ளைகள் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், ஒரே பொருளை வைத்துப் பலவிதமாக விளையாடினார்கள். 16 இருந்தபோது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தார்கள்.

பரணில் போட்டதை இரண்டு வாரம் கழித்து இறக்கி, வெளியே இருப்பதை ஏற்றிவிடுங்கள். பழையது புதிதாகிவிடும். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் சிறந்த பொம்மைகளுக்கென்று ஒரு கௌரவப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் 2005-இல் அட்டைப் பெட்டியும், 2008-இல் குச்சியும், 2011-இல் போர்வையும் இடம்பிடித்தன. பொம்மையை ஓரமாக வைத்துவிட்டு அது வந்த பெட்டிக்குள் ஏறி உட்காரும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

4. அப்படியானால் வீட்டில் இருக்கிற எதையெல்லாம் கொடுக்கலாம்?

ஒன்றுக்கு மேற்பட்ட விதத்தில் பயன்படுகிற எதையும் கொடுக்கலாம். இடம் மாற்றவும் சேர்க்கவும் பிரிக்கவும் முடிகிற பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குக் கண்டுபிடிக்கும் திறனும் பெருகும் என்று சைமன் நிக்கல்சன் என்ற சிற்பி 1971-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். பொத்தானை அழுத்தினால் பாடும் பொம்மை ஒரே வேலைதான் செய்யும். அதுவும் பொம்மையின் வேலை, குழந்தையின் வேலை அல்ல.

மூடியோடு கூடிய டப்பாக்கள், கரண்டிகள், புனல், வடிகட்டி, துணி மாட்டும் கிளிப், பழைய துப்பட்டா, தலையணை, காலியான அட்டைக் குழல்கள், ஜோடி தொலைந்த சாக்ஸ் என்று வீட்டைச் சுற்றி வந்தாலே ஒரு கூடை நிறைந்துவிடும். ஒரு துப்பட்டா போதும், எத்தனையோ நடக்கும். நாற்காலி இரண்டின் மேல் போட்டால் வீடு, தோளில் கட்டினால் இறக்கை, தரையில் விரித்தால் ஆறு, பொம்மையைச் சுற்றினால் தொட்டில். கழுத்தில் கட்ட மட்டும் விடாதீர்கள்.

5. எல்லாவற்றையும் வாயில் போட்டுக்கொள்கிறான். பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். 3 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறிய உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது. வீட்டில் அதற்குப் பதிலாகக் கழிவறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழலை வைத்துக்கொள்ளுங்கள். அது சற்று அகலம் என்பதால் சோதனை இன்னும் கறாராக இருக்கும். குழலுக்குள் நுழைகிற பொருளை 3 வயது வரை ஒதுக்கிவையுங்கள்.

சிலவற்றுக்கு வயது வரம்பே பார்க்கக் கூடாது. ரிமோட்டிலும் பாடும் வாழ்த்து அட்டையிலும் இருக்கும் காசு போன்ற தட்டையான பேட்டரி, விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சின்னஞ்சிறு வலுவான காந்தங்களும் அப்படியே. இரண்டை விழுங்கினால் குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஊதாத பலூன், வெடித்த பலூனின் துண்டு, நீளமான கயிறு ஆகியவையும் விளையாட்டுக் கூடையில் இருக்கக் கூடாது.

6. ஐந்து நிமிடத்துக்கு மேல் எதிலும் உட்கார மாட்டேன் என்கிறாள். கவனக் குறைவா?

2 வயதுப் பிள்ளை ஒரு பொருளோடு ஐந்து நிமிடம் இருந்தாலே நல்ல கவனம்தான். அதே பிள்ளை தண்ணீரில் அரை மணி நேரம் நிற்கும். சுற்றிலும் பத்துப் பொருள் கிடக்கிறதா என்றும் பாருங்கள் (3). இன்னொன்று: பிள்ளை ஆழ்ந்து ஏதோ செய்துகொண்டிருக்கும்போது “அட, சூப்பர்! இதற்கு என்ன நிறம்?” என்று உள்ளே நுழைவது நாம்தான். அந்த இடத்தில் கவனத்தைக் கலைத்தது யார்?

7. நானும் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட வேண்டுமா? எனக்கு உண்மையில் அலுப்பாக இருக்கிறது.

நாள் முழுக்க வேண்டாம். வீட்டில் திரையை நிறுத்த முயல்கிறவர்கள் பாதியில் களைத்துப் போவது பெரும்பாலும் இதனால்தான். திரை செய்த வேலையை, அதாவது நிமிடத்துக்கு ஒரு வேடிக்கை காட்டுவதை, தாங்களே செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வேலை பொருளை எடுத்து வைப்பது, ஆபத்து இல்லாமல் பார்த்துக்கொள்வது, பிறகு கொஞ்சம் விலகியிருப்பது.

ஆனால் நாளில் ஒரு தடவையாவது பத்துப் பதினைந்து நிமிடம் போனை வேறு அறையில் வைத்துவிட்டு, பிள்ளை சொன்னபடி ஆடுங்கள். செருப்புக்குச் சோறு ஊட்டச் சொன்னால் ஊட்டுங்கள். “செருப்புக்குப் பசிக்குமா?” என்று திருத்த வேண்டாம். செருப்பு வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வது என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் அவளிடம் சொல்லும் அதே வார்த்தைகள், அதே தொனியில் திரும்பி வரும். அந்தப் பத்து நிமிடம் வயிறு நிறைந்த பிள்ளை அடுத்த அரை மணி நேரம் தனியாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

8. சமைக்கிற நேரத்துக்கு மட்டும்தான் போனைக் கொடுக்கிறேன். அதற்கு மாற்று சொல்லுங்கள்.

அதுதான் உண்மையான சிக்கல் நேரம். பசி, களைப்பு, உங்கள் அவசரம் மூன்றும் ஒன்றுசேரும் வேளை. பிள்ளையை இன்னொரு அறைக்கு அனுப்பினால் அடுத்த நிமிடமே காலைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே பக்கத்திலேயே, அடுப்பிலிருந்து தள்ளி, ஓர் இடம் ஒதுக்குங்கள். கீழ் அலமாரியில் ஒரு தட்டை அவளுக்கென்றே விட்டுவிடுங்கள். உடையாத கிண்ணங்கள், மூடிகள், மரக்கரண்டி எல்லாம் அதில் இருக்கட்டும். அதைத் திறக்க அனுமதி கேட்கவே வேண்டாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

3 வயதைத் தாண்டியவர்களுக்கு வேலையே கொடுங்கள். காய்ந்த துணிக் குவியலில் சாக்ஸுக்கு ஜோடி தேடுவது, கரண்டிகளை அளவு வாரியாக அடுக்குவது, கீரையை ஆய்வது, மேசையில் ஆளுக்கு ஒரு தட்டு வைப்பது எல்லாம் நடக்கும். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் குழந்தைகளுக்கான தம் முதல் பள்ளியைத் தொடங்கினார். ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் மாட்டுவது போன்ற அன்றாட வேலைகளே அவரது முறையில் முக்கியப் பயிற்சிகள். பொம்மை அடுப்பைவிட உண்மையான வேலையைப் பல பிள்ளைகள் விரும்புவார்கள். உங்களுக்கு வேலை முடிய இரண்டு மடங்கு நேரமாகும், அதை மறைக்க முடியாது.

9. தண்ணீர், மாவு என்றாலே வீடு நாசமாகிறது. அதைத் தவிர்த்து ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் இவற்றுக்கு ஈடு கிடையாது. தண்ணீர்போல் ஒரு பிள்ளையைக் கட்டிப்போடும் பொருளை நான் பார்த்ததில்லை. குளியலறையிலேயே விளையாட விட்டால் பாதித் தொல்லை இல்லை. அல்லது தடிமனான பெரிய துண்டை விரித்து, அதன் நடுவில் அகலமான தட்டு வைத்து, அதில் இரண்டே குவளைத் தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். மொத்தமாகச் சிந்தினாலும் துண்டு குடித்துவிடும். துடைக்கும் துணியையும் அவனிடமே கொடுங்கள். துடைப்பதும் விளையாட்டுதான்.

ஒரே மாதிரியான இரண்டு உயரமான டம்ளர்களில் சம அளவு தண்ணீர் எடுத்து, ஒன்றில் இருப்பதை மட்டும் அகலமான கிண்ணத்துக்கு ஊற்றிக் காட்டி, இப்போது எதில் அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். 4, 5 வயதில் பலர் உயரமான டம்ளரைத்தான் காட்டுவார்கள். கண் முன்னால்தான் ஊற்றினீர்கள் என்றாலும் அப்படித்தான். உளவியலாளர் ழான் பியாஜே செய்து காட்டிய பிரபலமான சோதனை இது. தவறு என்று திருத்தத் தேவையில்லை, இன்னும் நூறு முறை ஊற்றட்டும்.

தண்ணீர் வைத்த இடத்தை விட்டு மட்டும் நகராதீர்கள். சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே சிறு குழந்தை மூழ்கிவிடும், அதுவும் சத்தமில்லாமல். ஆட்டம் முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

10. உருட்டி விளையாடும் மாவை வீட்டிலேயே பிசைய முடியுமா?

முடியும். 2 கப் மைதா அல்லது கோதுமை மாவு, அரை கப் உப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய். முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசையுங்கள். ஒட்டினால் மாவு, உதிர்ந்தால் தண்ணீர் சேருங்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும். வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உப்பு அதிகம் என்பதால் ஒரு வாய் தின்றாலே துப்பிவிடுவார்கள். ஆனாலும் விழுங்கிப் பழகுகிற பிள்ளைக்கு இது வேண்டாம். நிறைய உப்பும் வேகாத மாவும் வயிற்றுக்கு ஆகாது. வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் எட்டாமல் வையுங்கள், நாய்க்கு அவ்வளவு உப்பு விஷம்.

11. கட்டைகளை அடுக்குவதே இல்லை. நான் அடுக்கியதைத் தள்ளுகிறான், கையில் கிடைத்ததை எறிகிறான்.

1 வயதுக்காரன் உயரத்திலிருந்து கரண்டியைப் போடுகிறான், நீங்கள் எடுத்துக் கொடுக்கிறீர்கள், மறுபடி போடுகிறான். உங்களைச் சீண்டுகிறான் என்று தோன்றும். பியாஜே தம் மூன்று பிள்ளைகளைப் பக்கத்திலிருந்து கவனித்து எழுதியவர். கைக்குழந்தையான தம் மகன் பொருள்களை வெவ்வேறு நிலையில் கையை நீட்டி, விழும் விதத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். அது ஒருவகை ஆராய்ச்சி.

எறியாதே என்று சொல்வதைவிட எதை, எங்கே எறியலாம் என்று காட்டுவது பலன் தரும். சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்குங்கள், ஒரு கூடையைச் சுவரோரம் வையுங்கள். “நான் கட்டுவேன், மூன்று சொன்னதும் நீ தள்ளு” என்று ஒப்பந்தம் போடுங்கள். “ஒன்று... இரண்டு...” என்று இழுக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு துடிப்பான் பாருங்கள், காத்திருக்கப் பழகுவது அங்கேதான் நடக்கிறது. ஆளின் மேல் எறிந்தால் பொருள் அன்றைக்குப் பரணுக்குப் போகட்டும். கத்த வேண்டாம், சொன்னதைச் செய்யுங்கள்.

12. சின்ன வீடு, ஓடியாட இடமே இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் வேறு சத்தம் என்கிறார்கள்.

1 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளுக்கு 3 மணி நேரமாவது உடலை அசைக்க வேண்டும் என்கிறது முன்பு சொன்ன 2019 வழிகாட்டுதல். 3 வயதுக்கு மேல் அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்குகிற அளவுக்கு ஆட்டம் இருக்க வேண்டும். எல்லாம் ஒரே மூச்சில் அல்ல, நாள் முழுக்கச் சேர்த்து.

குதிப்பதற்குப் பதிலாகத் தள்ளுவது, இழுப்பது, சுமப்பது, ஊர்வது ஆகியவற்றை யோசியுங்கள். சத்தம் வராது, களைப்பு நன்றாக வரும். துணிக்கூடையில் பொம்மைகளை ஏற்றி அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகலாம். கரடிபோல் கையும் காலும் ஊன்றி நடக்கலாம், நண்டுபோல் மல்லாந்து நகரலாம். தரையில் வண்ண ஒட்டுநாடாவை வளைத்து வளைத்து ஒட்டினால் கயிற்றின் மேல் நடக்கும் வித்தைக்காரர் ஆகிவிடுவார்கள். சுவருக்கு எதிரே நின்று “இந்தச் சுவரைத் தள்ளிவிடு பார்க்கலாம்” என்றால், 3 வயதுக்காரர்கள் முழு நம்பிக்கையோடு தள்ளுவார்கள்.

13. பெரியவளுக்கு 5, சின்னவனுக்கு 2. அவள் கட்டுகிறாள், இவன் இடிக்கிறான், தினமும் போர்.

உயரத்தைப் பிரித்துவிடுங்கள். அவளுடைய கட்டுமானம் மேசையின் மேல், இவனுடையது தரையில். சேர்ந்து விளையாட வேண்டும் என்பது நம் ஆசை. 2 வயதில் அது பெரும்பாலும் நடக்காது. பிள்ளைகள் ஒருவரோடொருவர் எப்படி விளையாடுகிறார்கள் என்பதை மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வகைப்படுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரிப் பொருளோடு, ஆனால் தனித்தனியாக விளையாடுவதும் அவற்றில் ஒன்று. அந்த வயதுக்கு அது இயல்பான விளையாட்டு, சண்டைக்கு அறிகுறி அல்ல.

இருவரும் சேரக்கூடிய இடங்கள் சில உண்டு: தண்ணீர் (9), போர்வைக் கூடாரம், ஒளிந்து விளையாடுவது. 2 வயதுக்காரன் கண்ணை மூடிக்கொண்டால் தான் ஒளிந்துவிட்டதாக நம்புவான். அக்கா அதற்கு ஏற்ப நடிக்கக் கற்றுக்கொண்டால் வீட்டில் பாதிப் போர் ஓய்ந்துவிடும்.

14. ஒரே பிள்ளை. தனியாக உட்கார்ந்து தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். சரிதானா?

சரிதான். “இது இங்கே... இல்லை, இது பெரிசு” என்று முணுமுணுத்தபடி செய்வது, பிள்ளை தன் செயலைத் தானே வழிநடத்தும் முறை என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. வளர வளர அந்தப் பேச்சு உள்ளே அடங்கிச் சிந்தனையாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத தோழி இருக்கிறாள் என்று தட்டுப் போடச் சொன்னாலும் பயப்படாதீர்கள், தட்டுப் போடுங்கள்.

15. பையன் பொம்மைக்குத் தலை வாருகிறான். வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிப்பவர்களிடம் சீப்பைக் கொடுத்து இன்னொரு பொம்மைக்கு வாரச் சொல்லுங்கள். ஒருவரைப் பராமரிக்கப் பழகுகிறான், அவ்வளவுதான்.

16. வெறுமனே விளையாடினால் எழுத்தும் எண்ணும் எப்போது கற்றுக்கொள்வது? பள்ளியில் பின்தங்கிவிட மாட்டானா?

உலகுக்கு மழலையர் பள்ளியைக் கொடுத்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல் என்ற ஜெர்மானியர். 1840-இல் தம் பள்ளிக்குக் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். பிள்ளைகளின் கையில் அவர் கொடுத்தவை பந்துகளும் மரக்கட்டைகளும். எட்டுச் சின்னக் கட்டைகள் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டை என்பதைப் பிள்ளை கையால் தெரிந்துகொள்கிறது. அது கணக்கு இல்லையா? சாக்ஸுக்கு ஜோடி தேடுவது வகைப்படுத்தல், ஆளுக்கொரு தட்டு வைப்பது எண்ணிக்கை, மாவு உருட்டுவதும் கிளிப்பை அழுத்துவதும் பென்சில் பிடிக்கப்போகும் விரல்களுக்குப் பயிற்சி.

எழுத்துக்கு முன் ஒலி வேண்டும். “பூனை, பூட்டு, பூ... இன்னும் என்ன?” என்று நடந்துகொண்டே கேளுங்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள், கண்டுபிடித்துக் கெக்கலி கொட்டுவார்கள். படப் புத்தகத்தை மடியில் வைத்து வாசியுங்கள், ஒரே கதையை முப்பதாவது முறை கேட்டாலும். 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்றே சொல்கிறது. பாடம் முடித்ததற்குப் பரிசு என்று அதில் எங்கும் இல்லை.

17. “சலிப்பாக இருக்கிறது” என்று பின்னாலேயே வருகிறாள். உடனே ஏதாவது கொடுக்க வேண்டுமா?

முதலில் பசியா, தூக்கமா, உங்கள் மடிதான் வேண்டுமா என்று பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் “ம்ம், சில நேரம் அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். பத்து யோசனை அடுக்கினால் பத்தையும் நிராகரிப்பாள், அது அவளுக்கு ஒரு விளையாட்டாகிவிடும். திரையோடு பழகிய பிள்ளைக்கு இந்த இடைவெளி தொடக்கத்தில் நீளமாகத்தான் இருக்கும். பொறுக்கவே முடியாவிட்டால், பொருள்களின் கூட்டணியை மாற்றுங்கள்: பொம்மை யானையை மேசைக்கு அடியில் துணியால் மூடி, வால் மட்டும் தெரியும்படி விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். எதுவும் சொல்ல வேண்டாம்.

18. போனை வாங்கினால் தரையில் புரண்டு அழுகிறான். எப்படித்தான் நிறுத்துவது?

கொஞ்சம் கொஞ்சமாகக் கெஞ்சி நிறுத்த முடியாது. பார்க்கும் நேரம் நாளுக்கு நாள் மாறினால், அழுதால் கிடைக்கும் என்பதை மட்டும்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். எப்போது உண்டு, எப்போது இல்லை என்பதை நிலையாக வையுங்கள். சாப்பாட்டு நேரத்தையும் தூங்கும் முன் ஒரு மணி நேரத்தையும் முதலில் விடுவியுங்கள். முதல் சில நாள் அழுகை கூடும், பிறகு இறங்கும். கூடுகிற நாளில் கொடுத்துவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

“இன்னும் இரண்டு நிமிடம்தான்” என்று எச்சரிப்பது நல்லது என்று பலரும் நினைக்கிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டது வேறு: அந்த எச்சரிக்கை கொடுத்தபோது சிறு பிள்ளைகளின் எதிர்ப்பு கூடியது. கதை தானாக முடியும் இடத்தில் நிறுத்தியபோது எளிதாக விட்டார்கள். ஆகவே அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, ஒரு கதை என்றால் ஒரு கதையோடு முடியுங்கள். முடியும்போது பக்கத்தில் இருங்கள், கையில் தண்ணீர்த் தட்டோ சாக்ஸ் பந்தோ தயாராக இருக்கட்டும். பிறகு போன் கண்ணில் படவே கூடாது.

19. டிவி சும்மா ஓடிக்கொண்டிருக்கும், பிள்ளை அதைப் பார்ப்பதில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 1, 2, 3 வயதுப் பிள்ளைகள் விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்டார்கள். பிள்ளைகள் திரையை அபூர்வமாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் டிவி ஓடியபோது அவர்கள் ஒவ்வொரு விளையாட்டிலும் நிலைத்த நேரம் குறைந்தது. 6-ஆம் கேள்வி கேட்டவர்கள் இதையும் கவனியுங்கள்.

20. நாங்களே நாள் முழுக்கப் போனில் இருக்கிறோம். பிள்ளைக்கு மட்டும் எப்படிச் சொல்வது?

சொல்வது கடினம்தான். வேலைக்காகப் போனை எடுத்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “அத்தைக்குப் பதில் அனுப்புகிறேன், முடிந்ததும் வைத்துவிடுவேன்.” பிறகு அவள் பார்க்க வைத்துவிடுங்கள். 7-இல் சொன்ன அந்தப் பத்து நிமிடத்தையும் சாப்பாட்டு வேளையையும் காப்பாற்றினாலே பெரிது.

21. நான் கட்டுப்படுத்தினாலும் மாமியார் போனைக் கொடுத்துவிடுகிறார். சொன்னால் வருத்தப்படுகிறார்.

நாள் முழுக்கப் பிள்ளையின் பின்னால் ஓட அவருக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் இருக்கலாம். “கொடுக்காதீர்கள் அத்தை” என்று மட்டும் சொல்வது அவருடைய ஒரே உதவியைப் பிடுங்குவது போலாகும். உட்கார்ந்தபடியே செய்யக்கூடியவற்றைக் கூடையில் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிடுங்கள்: துணி மடிப்பது, பொத்தான் பெட்டியைத் தரம் பிரிப்பது (3 வயதுக்கு மேல் மட்டும், 5-ஐப் பாருங்கள்), பழைய புகைப்படங்களைக் காட்டிக் கதை சொல்வது. உங்கள் கணவர் சின்ன வயதில் செய்த அட்டகாசங்களை அவரைவிட யார் சொல்ல முடியும்? சொல்ல வேண்டியதை மகன் மூலமாகச் சொல்வதும் நல்லது.

22. காய்ச்சல், பயணம் என்று ஒரு வாரம் நிறையத் திரை கொடுத்துவிட்டோம். எல்லாம் வீணா?

இல்லை. திரும்பப் பழைய நேரத்துக்கு வாருங்கள். இரண்டு மூன்று நாள் முரண்டு பிடிப்பான், 18-இல் சொன்னதுதான்.

23. எதை வைத்தாலும் விளையாட மாட்டேன் என்கிறான். காரின் சக்கரத்தை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறான். மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

சக்கரத்தைச் சுற்றுவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சுழல்கிற பொருள் பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கூடவே வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லையா? 18 மாதம் ஆகியும் எதையாவது சுட்டிக்காட்டி உங்களைப் பார்க்கச் சொல்வதில்லையா? 2 வயது தாண்டியும் பொம்மைக்கு ஊட்டுவது போன்ற பாவனை துளியும் இல்லையா? முன்பு பேசிய சொற்களை இப்போது பேசுவதில்லையா? இவற்றில் ஏதாவது இருந்தால், திரையை நிறுத்திப் பார்க்கலாம், வளர்ந்தால் சரியாகும் என்று காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள். இருந்த திறன் போய்விட்டது என்றால் எந்த வயதானாலும் தாமதிக்கக் கூடாது.

போவதற்கு முன் வீட்டில் அவன் விளையாடுவதை இரண்டு மூன்று நிமிடம் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். புது அறையில், புது முகத்துக்கு முன்னால், பிள்ளைகள் வழக்கமாகச் செய்வதைச் செய்துகாட்ட மாட்டார்கள். எப்போது கவனித்தீர்கள், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, கூப்பிட்டால் நிறுத்துகிறானா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும்.